கால் கட்டைவிரல் வரை நீளும் நரம்பு செல்லுக்கு ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது?

வாசகர் கேள்வி, அத்திப்பட்டு — 8 ஜூன் 2025

நரம்பு செல்லின் உடலத்தை (உட்கரு இருக்கும் பகுதி) எங்கள் ஊர் அனல்மின் நிலையம் என்றும், ஆக்சானை (உடலத்திலிருந்து நீளும் மெல்லிய இழை) அங்கிருந்து புறப்படும் உயரழுத்தக் கம்பி என்றும் வைத்துக்கொண்டால், உடலத்தில் உற்பத்தியாகும் ஆற்றல் கம்பி வழியே கால்விரல் வரை போய்ச் சேர்கிறது என்றுதானே பொருள்? சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்துப்போவது அந்தக் கம்பியில் எங்கோ பழுது ஏற்படுவதால்தான் என்று என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறான். ஒப்புக்கொள்ள மறுக்கிறான்.

8 ஜூன், இரவு

உங்கள் மகன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மின்சாரம் அத்திப்பட்டிலிருந்து தண்டையார்பேட்டைக்குக் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். செல் தன் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவிடும் ஏடிபி அப்படி வராது, ஏனென்றால் அது ஒரு மூலக்கூறு; செல்லுக்குள் திசை ஏதுமின்றி முட்டி மோதிப் பரவித்தான் அது நகர முடியும். அப்படிப் பரவும்போது தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிவிடும். செல் திரவத்தில் ஏடிபியின் பரவல் அளவு நொடிக்கு இருநூறு, முந்நூறு சதுர மைக்ரான் என்ற அளவில் இருப்பதால், பத்து மைக்ரான் தூரத்தை அது கால் நொடிக்குள் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க அரை மணி நேரமாவது ஆகும். ஒரு மீட்டரைக் கடக்க ஐம்பதிலிருந்து எண்பது ஆண்டுகள் பிடிக்கும்.

ஒரு மீட்டர் என்பது மிகைப்படுத்திச் சொன்ன அளவு இல்லை. கால் கட்டைவிரலின் தொடுஉணர்வையும் அதிர்வுணர்வையும் சுமக்கும் நரம்பு செல்லின் உடலம் கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. அதன் ஒரு கிளை கட்டைவிரல் வரை இறங்குகிறது; மறு கிளை தண்டுவடத்துக்குள் ஏறி, பிடரிக்கு உள்ளே, மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரை போகிறது. ஆக, கட்டைவிரலிலிருந்து பிடரி வரை நீள்வது ஒரே செல். அதன் உடலம் வெறுங்கண்ணால் பார்க்க முடியாத அளவுக்குச் சிறியது. ஆக்சானின் கொள்ளளவோ உடலத்தைப் போலப் பல நூறு மடங்கு.

ஆகையால் இந்த செல் ஆற்றலை அனுப்புவதில்லை, ஆற்றலை உண்டாக்கும் இயந்திரத்தையே அனுப்புகிறது. உங்கள் உவமையை விடாமல் சொல்வதானால், அத்திப்பட்டிலிருந்து கம்பி இழுக்காமல், சின்னச் சின்ன ஜெனரேட்டர்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் நிறுத்துவதைப் போன்றது அது. அந்த ஜெனரேட்டர்கள்தான் மைட்டோகாண்ட்ரியா.

9 ஜூன்

நேற்று எழுதியதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், இல்லையென்றால் எரிபொருளும் உடலத்திலிருந்துதான் போகிறது என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். குளுக்கோஸும் ஆக்சிஜனும் வழிநெடுக, நரம்பை ஒட்டி ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கிடைக்கின்றன. ஆக்சானின் சவ்விலும் அதைச் சூழ்ந்திருக்கும் துணை செல்களிலும் குளுக்கோஸை உள்ளே விடும் புரதங்கள் இருக்கின்றன. எரிபொருளை அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம், இயந்திரத்தை வாங்க முடியாது. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 16,569 கார இணைகள் கொண்ட டிஎன்ஏ உண்டு. ஆனால் அதிலிருந்து உருவாகும் புரதங்கள் 13 மட்டுமே. அதற்குத் தேவைப்படும் மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான மரபணுக்கள் செல் உட்கருவில்தான் இருக்கின்றன. ஆக்சான் உட்கருவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்கு அந்தப் புரதங்களுக்கான காத்திருப்பும் கூடுகிறது.

9 ஜூன், இரவு

கொடுங்கையூரிலிருந்து ஒரு வாசகர் கணக்கு கேட்டிருக்கிறார்: தூக்கிச் செல்வதற்கே ஆற்றல் எல்லாம் தீர்ந்துவிடாதா? நல்ல கேள்வி, போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆக்சானுக்குள் 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் நீளவாக்கில் கிடக்கின்றன. அவற்றின் மேல் கைனசின் என்ற புரதம் இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து, உடலத்திலிருந்து முனையை நோக்கி நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். ஓர் அடிக்கு ஓர் ஏடிபி செலவு. ஒரு மீட்டருக்கு 12.5 கோடி அடிகள், அதாவது 12.5 கோடி ஏடிபி. பெரிய எண்ணாகத்தான் தெரியும். ஆனால் ஓய்வாக இருக்கும் மனித மூளையின் புறணியில் ஒரு நரம்பு செல் நொடிக்குச் சுமார் 470 கோடி ஏடிபியைச் செலவிடுகிறது என்று 2012-இல் வெளியான ஓர் அளவீடு சொல்கிறது. மைட்டோகாண்ட்ரியாவைப் பல கைனசின்கள் சேர்ந்து இழுத்தாலும், முழு மீட்டர் பயணத்தின் செலவு, மூளை ஓய்வாக இருக்கும்போது அத்தகைய செல் ஒரு நொடியில் செய்யும் செலவைத் தாண்டுவது கடினம். பெரும்பங்கை விழுங்குவது சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் ஏற்றி. ஒவ்வோர் ஏடிபிக்கும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும் இந்த நொதியை 1957-இல் கண்டறிந்த யென்ஸ் ஸ்கூவுக்கு 1997-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கும் முதன்மைக் காரணம், நரம்பு செல்கள் சமிக்ஞை அனுப்பியபின் அயனிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் இந்த வேலைதான்.

ஆகவே பயணத்தில் பெரிய செலவு ஆற்றல் இல்லை, காலம். மைட்டோகாண்ட்ரியா நகரும்போது நொடிக்கு அரை மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஓயாமல் போனாலும் ஒரு மீட்டருக்கு 23 நாள் ஆகும். அது ஓயாமல் போவதும் இல்லை. நிற்கும், திரும்பும், மறுபடி கிளம்பும். மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்கள் சில வாரங்களில் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முனைக்குப் போய்ச் சேரும்போது அவற்றுள் பல ஏற்கெனவே பழசாகிவிட்டிருக்கும்.

12 ஜூன்

"இதையெல்லாம் யார் பார்த்தார்கள்?" என்று இந்தக் கேள்வி-பதில் இழையில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

முதல் தடயம் மிக எளிய சோதனையிலிருந்து வந்தது. 1948-இல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பின் ஓரிடத்தைச் சுற்றி இறுக்கம் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். உடலத்தின் பக்கம் ஆக்சான் புடைத்திருந்தது. மறுபக்கம் மெலிந்திருந்தது. இறுக்கத்தை அகற்றியதும் தேங்கியிருந்தது கீழே நகர்ந்தது. ஆக்சானுக்குள் ஏதோ ஒன்று இடைவிடாமல் நகர்கிறது என்பது அதில் உறுதியாயிற்று.

எது நகர்த்துகிறது என்பதற்கான விடையை 1985-இல் கொடுத்தது கணவாய். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் ஊசிக் கணவாயை அறிவார்கள். நான் வாங்கி வந்த ஒன்றை வீட்டில் அடிவயிற்றுப் பக்கம் நீளவாக்கில் கீறி விரித்து, குடலை எடுத்துவிட்டு, உட்சுவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முன்விளிம்புக்குச் சற்றுக் கீழே, இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக, நட்சத்திர வடிவில் ஒரு வெளிறிய முடிச்சும் அதிலிருந்து விசிறியாகப் பிரியும் நரம்புகளும் தெரிந்தன. அந்த நரம்புகளில் தடித்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பேராக்சான் ஓடுகிறது. நம் நரம்புகளில் பல ஆக்சான்களைச் சுற்றி மின்காப்பாக இருக்கும் மையலின் உறை கணவாய்க்குக் கிடையாது. சமிக்ஞை விரைவாகப் போக ஆக்சானைத் தடிமனாக்குவதே அதற்கு இருந்த வழி. பெரிய கணவாய்களில் அந்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரை எட்டும். 1963-இல் நோபல் பரிசு பெற்ற ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புச் சமிக்ஞையை அளந்தது இந்த ஆக்சானில்தான்.

இந்த ஆக்சானின் உள்பொருளைப் பிதுக்கி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைக்கலாம். செல் சவ்வு போய்விட்ட பின்னும், ஏடிபி கொடுத்தால் அதற்குள் இருக்கும் துணுக்குகள் இழைகளின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் இதை வைத்து நகர்த்தும் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குக் கைனசின் என்று பெயரிட்டார்கள். எதிர்த்திசையில், முனையிலிருந்து உடலத்துக்கு இழுத்து வருவது டைனின் என்ற வேறொரு புரதம்.

13 ஜூன்

கணவாய் வறுவல் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆம், பார்த்து முடித்த பிறகு சமைத்துவிட்டோம். இழையைத் தொடருவோம்.

16 ஜூன்

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தபோது, கொண்டுசெல்வதிலேயே முழுக் கவனமும் போய்விட்டது போலத் தோன்றுகிறது. நிறுத்துவதும் அதே அளவு முக்கியம் என்பதே என் எண்ணம். உண்மையில் இந்த விஷயத்தில் என்னை அதிகமாக ஈர்த்த பகுதியும் அதுதான்.

ஆக்சானில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் எந்த நேரத்தில் பார்த்தாலும் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நின்றுகொண்டிருக்கும். எங்கே நிற்கிறது என்பது தற்செயல் அன்று. ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சமிக்ஞை கடத்தும் சினாப்ஸ்களுக்கு அருகிலும், மையலின் உறை இடைவெளி விடும் ரேன்வீர் கணுக்களிலும், ஆக்சான் கிளை பிரியும் இடங்களிலும் அவை கூடுதலாகக் காணப்படுகின்றன. அயனிகள் அதிகமாக உள்ளே புகும் இடங்கள் அவை. ஏற்றிகளுக்கு வேலை அதிகம்.

அங்கே நிற்க வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது? மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் மிரோ என்ற புரதம் பதிந்திருக்கிறது. மில்டன் என்ற இணைப்புப் புரதம் ஒருபுறம் மிரோவையும் மறுபுறம் கைனசினையும் பிடித்துக்கொள்கிறது. 2002-இல் பழ ஈக்களில் மில்டன் கண்டறியப்பட்ட விதமே கருத்தைத் தெளிவாக்கும். அந்த மரபணு பழுதான ஈக்களின் கண்களில், ஒளியுணர் செல்களின் உடலத்தில் மைட்டோகாண்ட்ரியா வழக்கம்போல் இருந்தன. ஆக்சான் முனைகளில் இல்லை. ஈக்களுக்குப் பார்வை இல்லை. ஊரில் உற்பத்தி இருந்தும் தேவைப்பட்ட இடத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

மிரோவில் கால்சியம் ஒட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. சினாப்ஸ் சுறுசுறுப்பாக வேலை செய்யும்போது அங்கே கால்சியம் உயர்கிறது. உயர்ந்த கால்சியம் மிரோவில் ஒட்டியதும் கைனசினின் இழுப்பு செயலிழக்க, மைட்டோகாண்ட்ரியா அங்கேயே நின்றுவிடுகிறது. 2008, 2009 ஆண்டுகளில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. செல் உடலம் ஆணையிட வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடமே இயந்திரத்தைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறது.

நீண்டகாலம் நிறுத்திவைப்பதற்குச் சின்டாஃபிலின் என்ற வேறொரு புரதம் இருக்கிறது. அது மைட்டோகாண்ட்ரியாவை நுண்குழலோடு கட்டிப்போடுகிறது. 2008-இல் சின்டாஃபிலின் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் ஆக்சான்களில் நகரும் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு வெகுவாக உயர்ந்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சினாப்ஸ்களில் நிற்க வேண்டியவை நிற்காததால், தொடர்ந்து தூண்டும்போது கால்சியம் அங்கே தேங்கிச் சமிக்ஞையின் அளவு மாறிப்போயிற்று. மைட்டோகாண்ட்ரியா ஏடிபி மட்டும் தருவதில்லை, மிகுந்த கால்சியத்தை உறிஞ்சியும் கொள்கிறது என்பது இதில் தெரிந்தது.

17 ஜூன்

முந்தைய குறிப்புக்குப் பின்னிணைப்பு. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குளுக்கோஸும் மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்துகிறது என்று காட்டியது. குளுக்கோஸ் மிகும்போது மில்டன் புரதத்தின் மேல் ஒரு சர்க்கரைத் துணுக்கு ஒட்டப்படுகிறது, நகர்வு குறைகிறது. எரிபொருள் கிடைக்கும் இடத்தில் நிற்பது இயல்பான ஏற்பாடு. ஆனால் எங்கும் எப்போதும் குளுக்கோஸ் மிகுந்திருக்கும் உடலில் என்ன நடக்கும் என்ற கேள்வி தானாகவே எழுகிறது. நீரிழிவுக் கால்களுக்கு இது ஒன்றே விளக்கம் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த குறிப்பில் வருகிறேன்.

21 ஜூன்

என் அம்மாவுக்கு நீண்ட காலமாக நீரிழிவு. புதுவண்ணாரப்பேட்டை வீட்டில் மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துவிட்டு இறங்கி வந்தவர், ஒரு காலில் செருப்பு இல்லாமலேயே நடந்து வந்ததை நான் சொல்லும் வரை உணரவில்லை. சித்திரை வெயிலில் சுட்ட தளம். பாதத்தில் கொப்புளம் எழும்பியிருந்தது, வலி இல்லை. அதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் கால் எரிச்சல் பற்றிச் சொல்லியிருந்தார். வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கக்கூட இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஏனென்றால் அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நான் அருகில் இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். பேனா போன்ற பிடியிலிருந்து குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் அது வில்லாக வளையும், அதற்கு மேல் அழுத்தாது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலின் அடிப்பகுதியில் இழை வளையும் வரை வைத்து எடுத்தார்கள். அம்மா பேசாமல் இருந்தார். சுண்டுவிரலுக்குக் கீழே வைத்தபோதும் பேசவில்லை. கணுக்காலுக்கு மேலே வைத்தபோதுதான் "ம், இப்போ தொடுறீங்க" என்றார். அடுத்து 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார்கள், அதிர்வு தெரியவில்லை. முழங்காலில் தெரிந்தது.

கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மேலேறி, பின்னர்தான் கைவிரல்களில் தலைகாட்டும் இந்த வரிசையை நரம்பியல் மருத்துவர்கள் நீளம் சார்ந்த நரம்புச் சிதைவு என்பார்கள். மிக நீண்ட ஆக்சான்களின் மிகத் தொலைவான முனைகள் முதலில் விழுகின்றன. கால் நரம்புகள் முழங்கால் அளவுக்குப் பின்வாங்கிய பிறகுதான் ஏறத்தாழ அதே நீளமுள்ள கை நரம்புகளின் முறை வருகிறது. இந்தக் கேள்வி-பதில் தொடங்கும்போது வந்த கேள்விக்கு இதுவே நேரான பதில்: கம்பி நடுவில் ஓரிடத்தில் அறுவதில்லை, கடைசியிலிருந்து பின்வாங்குகிறது.

காரணம் ஒன்றல்ல. உயர்ந்த சர்க்கரை நரம்புக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களைக் கெடுக்கிறது; ஆக்சானைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களைக் கெடுக்கிறது; மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுக்கிறது. இவற்றில் எது முதலாவது என்று வரிசைப்படுத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. உடல் முழுவதும் ஒரே சர்க்கரை ஓடும்போது கட்டைவிரல் ஏன் முதலில் விழுகிறது என்பதற்கு, நீளத்தையும் வழங்கல் தூரத்தையும் தவிர்த்து விளக்கம் சொல்வது கடினம் என்பதே என் தீர்மானம்.

ராயபுரத்தில் 1954-இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனை, பாதப் பராமரிப்பைச் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்த இடங்களுள் ஒன்று. நம் பக்கத்திலேயே இந்த அறிவு இருந்தும், காலைக் காட்டாமல் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் ஏராளம். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த இழைச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

22 ஜூன்

பெரம்பூர் வாசகர் ஒருவரின் தங்கைக்கு இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் விரல்கள் மரத்திருக்கின்றன. இதற்கும் நீங்கள் எழுதுவதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். நேரடித் தொடர்பு உண்டு. இத்தகைய சிகிச்சையில் பயன்படும் வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் மருந்து. நுண்குழல்கள் கட்டமைக்கப்படுவதை அது தடுக்கிறது. அதனால்தான் பிரிந்து பெருகும் புற்று செல் மடிகிறது. ஆனால் நரம்பு செல் பிரியாவிட்டாலும் அதன் போக்குவரத்துத் தடமும் அதே நுண்குழல்தான். மற்றொரு புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல் நுண்குழலைக் கலையவிடாமல் இறுக்குகிறது, விரல்நுனி மரத்தல் அதிலும் வருகிறது. நமது மாநில மலரான செங்காந்தளில் உள்ள கோல்சிசினும் நுண்குழலைக் குலைப்பதே. 1960-களின் இறுதியில், ஆக்சான் போக்குவரத்துக்கு நுண்குழல் தேவை என்பதை நிறுவ ஆய்வாளர்கள் பயன்படுத்தியது அதைத்தான்.

தங்கை மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். எந்த விரலில், எந்த நாளில் தொடங்கியது, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்பதைக் குறித்துவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதும் இடைவெளி விடுவதும் அவர் கையில் உள்ள தீர்வுகள்.

29 ஜூன்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். இயன்முறை மருத்துவர். கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே பெரும்பாலான வேலை. வியாசர்பாடி, மாதவரம் பக்கத்துப் பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் கை வைத்தவர்கள், காசிமேட்டு விசைப்படகுகளில் வின்ச்சில் கயிறு சுற்றிக் கை சிக்கியவர்கள் என்று வருவார்கள். கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி அரசு மருத்துவமனை இந்தப் பகுதியில் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

மணிக்கட்டில் நடு நரம்பு அறுந்து தைக்கப்பட்டவரிடம் ஒரு சோதனை செய்வோம். தையலிலிருந்து விரலை நோக்கி நரம்பின் தடத்தில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவோம். ஓரிடத்தில் தட்டியதும் அவருக்கு விரல்நுனியில் சுருக்கென்று மின்சாரம் அடிப்பதாகத் தோன்றும். புதிதாக முளைத்த ஆக்சான்களின் முனை அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். பேனாவால் தேதியிட்டு அடையாளம் வைப்பேன். அடுத்த மாதம் அந்த இடம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஆறு மாதம். மேற்கையில் அறுந்திருந்தால் கைத் தசைகளை எட்ட ஓராண்டுக்கும் மேலாகும். அதற்குள் நரம்பற்ற தசை மீள முடியாமல் நலிந்துவிடக்கூடும் என்பதால், அருகிலுள்ள வேறொரு நரம்பின் கிளையைத் திருப்பி இணைக்கும் அறுவையும் செய்கிறார்கள்.

இந்த வளர்முனைக்கும் இயந்திரம் வேண்டும். முதிர்ந்த நரம்பு செல்லில் சின்டாஃபிலின் மிகுதி என்பதால் மைட்டோகாண்ட்ரியா கட்டப்பட்டுக் கிடக்கின்றன. அறுந்த இடத்தில் இருந்தவையும் காயத்தில் செயலிழந்துபோகின்றன. 2016-இல் வெளிவந்த ஆய்வில், சின்டாஃபிலின் நீக்கப்பட்ட எலிகளில் அறுந்த நரம்பு கூடுதலாக வளர்ந்தது. ஜூன் 16 குறிப்போடு இதை வைத்துப் படியுங்கள். அதே புரதம் நலமான சினாப்ஸுக்கு வேண்டியதாகவும், அறுந்த ஆக்சானுக்குத் தடையாகவும் இருக்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவை விரைவாக ஓடவைப்பதே மருந்து என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எப்போது, எங்கே, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமல் அந்தப் பேச்சுக்குப் பொருள் இல்லை.

3 ஜூலை

பழுதான மைட்டோகாண்ட்ரியா என்னாகும் என்ற கேள்வி மூன்றாவது முறையாக வந்துவிட்டது.

பிங்க்1, பார்க்கின் என்று இரண்டு புரதங்கள். நலமாக உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பிங்க்1 இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. உள்சவ்வின் மின்னழுத்தம் விழுந்துவிட்டால் அது வெளிச்சவ்விலேயே தங்கி, பார்க்கினை வரவழைத்து, அகற்றப்பட வேண்டியது என்ற குறி வைக்கிறது. அதோடு இவை மிரோவையும் சிதைத்துவிடுகின்றன என்று 2011-இல் தெரியவந்தது; பழுதானது மேலும் நகர்ந்து நல்லவற்றோடு கலக்காமல் நிறுத்தப்படுகிறது. இந்த இரண்டு மரபணுக்களில் எது பழுதானாலும் இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வருகிறது. பார்க்கின் 1998-இலும் பிங்க்1 2004-இலும் நோயோடு இணைக்கப்பட்டன.

இதில் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது ஒன்று உண்டு. பிங்க்1 மிகக் குறுகிய ஆயுள் கொண்ட புரதம். உடலத்தில் செய்து அனுப்பினால் ஒரு மீட்டர் தாண்டுவதற்குள் அழிந்துவிடும். பிறகு முனையில் யார் சோதிப்பது? 2022-இல் விடை வந்தது. பிங்க்1 புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ மைட்டோகாண்ட்ரியாவின் மேலேயே ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. தேவைப்படும் இடத்தில் புரதம் அங்கேயே தயாராகிறது.

பார்க்கின்சனில் மடிபவை டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பு செல்கள். அவற்றின் ஆக்சான் நேராக நீள்வதில்லை, கிளைத்துக் கிளைத்துப் பெரும் புதராகிவிடுகிறது. மனிதரில் ஒரு செல்லின் கிளைகளை எல்லாம் கூட்டினால் 4 மீட்டரைத் தாண்டலாம், சினாப்ஸ்கள் பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்று 2012-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அத்தனைக்கும் உடலம் ஒன்றே.

4 ஜூலை

துணை செல்களை மறந்துவிட்டேனா என்று கேட்பவருக்கு: மறக்கவில்லை. மையலின் போர்த்தும் செல்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றி ஆக்சானுக்குக் கொடுக்கின்றன என்பதற்கு 2012-இல் நல்ல சான்றுகள் வந்தன. ஆஸ்ட்ரோசைட் என்ற மூளைத் துணை செல்களும் அப்படிக் கொடுக்கின்றன என்ற கருத்து 1994 முதல் இருக்கிறது; அதன் அளவு பற்றிய வாதம் ஓயவில்லை. ஆனால் லாக்டேட்டை எரிக்க மைட்டோகாண்ட்ரியா வேண்டும் என்பதால் அது என் வாதத்துக்கு எதிரானது அன்று.

6 ஜூலை

மைட்டோகாண்ட்ரியாவுக்கு வலுவூட்டும் என்று தங்கசாலைப் பக்கம் மருந்துக் கடையில் கொடுத்த டப்பாவின் படத்தை ஒருவர் அனுப்பியிருக்கிறார். விலை ஒரு குடும்பத்தின் வாரச் செலவு. அதை வாங்கும் முன் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்குப் பி12 உறிஞ்சப்படுவது குறையும். அந்தக் குறைபாடும் கால் மரத்தலாகத்தான் தெரியும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடியது.

10 ஜூலை

ஒரு மருத்துவ மாணவர் வலுவான மறுப்பு ஒன்றை வைத்திருக்கிறார். நீளம்தான் காரணம் என்றால், கண்ணிலிருந்து சில சென்டிமீட்டரே போகும் பார்வை நரம்பு ஏன் மைட்டோகாண்ட்ரியா கெட்டவுடன் முதலில் விழுகிறது? லெபர் மரபுவழிப் பார்வை நரம்புச் சிதைவு மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ மாற்றத்தால் வருவது என்று 1988-இலேயே தெரிந்துவிட்டது. அதில் கால்கள் நன்றாக இருக்க, இளைஞர்களின் கண் போகிறது.

இந்த மறுப்பை ஏற்கிறேன், இதனால் என் வாதம் செம்மையாகிறது. தூரம் ஒரு பக்கம், அந்த இடத்தின் தேவை மறுபக்கம். விழித்திரைக்குள்ளும் நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வாயில் வரையிலும் அந்த ஆக்சான்களுக்கு மையலின் இல்லை. ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால் இருக்கவும் முடியாது. மையலின் இல்லாத ஆக்சான் தன் முழு நீளத்திலும் அயனிகளை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் அந்தப் பகுதியில் மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடைந்திருக்கின்றன, மையலின் தொடங்கியதும் சட்டென்று குறைகின்றன. உற்பத்தி சற்றுக் குறைந்தாலும் அடி விழுவது அங்கேதான்.

மெத்தனால் கலந்த சாராயத்தில் பார்வை போவதும் இதே இடத்தில்தான். உடலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை முடக்குகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பிழைத்தவர்கள் சிலருக்குப் பார்வை போனதை நாம் எல்லோரும் படித்தோம். ஃபார்மிக் அமிலம் சேர அரை நாள், ஒரு நாள் கூட ஆகலாம் என்பதால், குடித்தவர் முதலில் நன்றாகவே தெரிவார். கண் மங்குகிறது, எதிரே வெள்ளையாகத் தெரிகிறது, வயிறு வலிக்கிறது என்று சொன்னால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்கவைக்காமல், அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மாற்று மருந்து உண்டு. மெத்தனால் இரத்தத்தில் மிச்சம் இருக்கும்போது கொடுத்தால்தான் அது பயன்படும். கூடக் குடித்தவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாவிட்டாலும் அவர்களையும் உடன் அழைத்துப் போங்கள்.